மார்பளவு தண்ணீரில் பேச்சுவார்த்தை

ஏலக்காரருக்கு வாய்தான் மூலதனம். பழைய சாமான் ஏலக்கூடத்தின் மேடையில் அவர் ஏறி நின்றால், கால் ஆடுகிற நாற்காலிக்குக்கூட வம்சப் பெருமை வந்துவிடும். "உக்காந்து பாத்தவங்க எந்திரிக்கவே மாட்டாங்க" என்பார். ஏன் எழுந்திருக்க முடியாது என்பது வாங்கிக்கொண்டு போனவனுக்கு வீட்டில்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட வாய், சொந்த வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். கட்டின மனைவியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகியிருந்தது.

நின்றது என்றால் அரைகுறையாக இல்லை, சுத்தமாக நின்றது. அடிதடி கிடையாது, பாத்திரம் பறப்பது கிடையாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சாவிக்கொத்து. பேச்சு மட்டும் இல்லை. மகள் வீட்டில் இருந்தவரை அவள்தான் தூது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாகிட்ட பசியில்லைன்னு சொல்லு." மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். இனிமேலாவது வழிக்கு வருவார்கள் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். எங்கே! மனைவி சமையலறையிலிருந்து மகளுக்குப் போன் போடுவாள். மகள் அந்த ஊரிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பா, சாப்பாடு ஆறிப்போகுதாம்" என்பாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலைதான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

எல்லாம் ஒரு மேசையால் வந்த வினை. மாமியார் போன பிறகு மைத்துனர்கள் அந்த வீட்டுச் சாமான்களை ஏலக்கூடத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அதில் மாமியார் தலைவாரிக்கொள்ளும் கண்ணாடி வைத்த மேசையும் ஒன்று. அன்றைக்கு மனைவியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏலக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் விலை கேட்கக் கூடாது. மேசை ஏலத்துக்கு வந்தது. கடைசி வரிசையில் வளையல் போட்ட ஒரு கை மெதுவாக மேலே போனது. ஏலக்காரர் சட்டம் தெரிந்தவர் அல்லவா, அந்தக் கை தன் கண்ணில் படவில்லை என்று முடிவு செய்துகொண்டார். சுத்தியல் இறங்கியது. மேசை எவனோ ஒருவனோடு போனது. அன்றோடு மனைவியின் பேச்சும் போனது.

என்ன இருந்தாலும் சட்டம் சட்டம்தான், இதில் நான் இறங்கிப் போக என்ன இருக்கிறது என்று அவர் இருந்துவிட்டார். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் தெரிந்திருந்தது. வீம்பு என்று வந்துவிட்டால் இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒருநாள் மேடையில் நின்று ஒரு பீரோவை ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டே பின்னால் நகர்ந்தவர், மேடை முடிந்துபோனதைக் கவனிக்கவில்லை. விழுந்ததில் இடுப்பெலும்பு போயிற்று. ஆப்பரேஷன், உள்ளே ஒரு உலோகத் துண்டு, கையில் ஊன்றுகோல். "தரையில நடந்தா லோடு தாங்காது. கொஞ்ச நாளைக்குத் தண்ணியில நடங்க" என்றார் டாக்டர். நகராட்சி நீச்சல் குளத்தில் காலை வேளையில் இதற்கென்றே ஒரு வகுப்பு நடந்தது. குளத்தில் மார்பளவு ஆழமுள்ள பகுதியில் வட்டமாக நடக்க வேண்டும். அதை நடத்துகிற பெண் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். எல்லோரும் அவளை விசிலம்மா என்றே கூப்பிட்டார்கள்.

விசிலம்மாவிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தண்ணீரில் இறங்கிக் கூடவே நடக்க வேண்டும். இரண்டாவதைக் கேட்டதும் ஏலக்காரர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"நடக்கும்போது ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கணும்" என்றாள் விசிலம்மா. "பேச முடியுதுன்னா மூச்சு சரியா இருக்குன்னு அர்த்தம். மூச்சு வாங்குனா பேச்சு நின்னுடும், எனக்குத் தெரிஞ்சுடும். பேசாம நடந்தா விசில் ஊதுவேன், மேல ஏறி உக்காந்துடணும்."

வீட்டு ஆள் என்று இருந்ததே ஒருத்திதான். மகள் இரண்டு பக்கமும் போன் போட்டுப் போட்டுத் தொண்டை வற்றிப்போனாள். "நான் வாளித் தண்ணிக்கே கண்ணை மூடிக்கறவ. குளத்துல இறங்கவா?" என்றாள் அம்மா. கடைசியில், "சரி போகட்டும். ஆள் படுத்துட்டா அப்புறம் யாரு தூக்கிச் சுமக்கறது?" என்று ஒத்துக்கொண்டாள். பாசத்தைச் சொல்ல அந்த வீட்டில் வேறு வார்த்தை புழக்கத்தில் இல்லை.

அடுத்த சிக்கல் உடுப்பு. குளத்தில் பருத்தித் துணி கூடாது, நூல் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும் என்றார்கள். கடையில் காட்டிய நீச்சல் உடையை மனைவி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "மிச்சத் துணி எங்கேப்பா?" என்று கடைக்காரனைக் கேட்டாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்துத் தேறிய கை அவளுடையது. குடைத்துணி வாங்கி வந்து, கழுத்து முதல் கணுக்கால் வரை மூடுகிற மாதிரி, முனைகளில் எலாஸ்டிக் வைத்து ஒன்று தைத்துக்கொண்டாள். மிச்சத்தில் அவருக்கு ஒரு கால்சட்டை. அளவு எடுக்கவில்லை, எடுத்தால் பேச வேண்டுமே. போட்டுப் பார்த்தார், அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது. அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

முதல் நாள் அவரைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார்கள். தரையில் மூட்டை மாதிரி இழுத்து வந்த உடம்பு, தண்ணீர் மார்புக்கு ஏறியதும் லேசாகிவிட்டது. யாரோ பாரத்தைக் கைமாற்றி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. காலை வைத்துப் பார்த்தார்; வலி எட்டத்தில் எங்கோ நின்றது. ஆகா என்று நினைப்பதற்குள் பக்கத்தில் "ஐயோ!" என்று ஒரு சத்தம். குடைத்துணிக்குள் அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல் மனைவி பூசணிக்காய் மாதிரி ஊதிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தாள். கால் தரையை விட்டுப் போய்விட்டது.

"தூக்குது, தூக்குது! விடாதீங்க, பிடிங்க!"

ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாத மனிதர் எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். துணைக்கு வந்தவளை நோயாளி தாங்கிக்கொண்டு நின்றார். விசிலம்மா வந்து கழுத்து எலாஸ்டிக்கை இழுத்துவிட, 'புஸ்' என்று காற்று போயிற்று. குளமே சிரித்தது. "விடாதீங்க" என்றது பொதுவாகச் சொன்னது, தனக்குச் சொன்னதல்ல என்று அவர் முடிவுகட்டினார். தான் யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை என்று அவளும் முடிவுகட்டினாள். ஆனால் பிடித்த கையை அவரும் விடவில்லை, அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. பயம் வேறு, ரோஷம் வேறு.

நடை தொடங்கியது. முன்னால் முட்டிவலிக்கார மாமியார் ஒருவரும் அவருடைய மருமகனும். பேச வேறு விஷயம் இல்லாமல் மருமகன் சினிமாக் கதை சொல்லிக்கொண்டு போனான். பின்னால் இவர்கள் இரண்டு பேரும் கப்சிப். பீ... என்று விசில். "ஐயா, அம்மா! பேச்சு!"

ஏலக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். கரையில் ஒரு வாளி இருந்தது. "பச்சை வாளி ஒண்ணு, கைப்பிடி கிடையாது, ஆனா மனசு தங்கம்! கேக்கறவங்க கேக்கலாம்! ஒரு தரம்..." என்று தொடங்கிவிட்டார்.

மனைவிக்கு மானம் போயிற்று. "வாயை மூடச் சொல்லுங்கம்மா இவரை" என்றாள் விசிலம்மாவிடம்.

"நீங்களே சொல்லுங்க. பக்கத்துலதானே நிக்கறாரு?"

மனைவி தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீரிடமே சொல்கிற மாதிரி, "பாத்ரூம் குழாய் ஒழுகுது" என்றாள்.

"தெரியும்" என்றார் அவரும் தண்ணீரிடம்.

"தெரிஞ்சு?"

"வாஷர் வாங்கணும்."

"அது எப்ப? நான் செத்த பிறகா?"

விசிலம்மா, "பாருங்க, எவ்வளவு அழகா வருது!" என்று கைதட்டினாள்.

அன்றைக்குப் பேச்சு முழுக்கக் குழாய்தான். மறுநாள் மின்கட்டணம், மகளின் மாமனார் குறட்டை, மேல் வீட்டுக்காரன் துணி பிழிகிற லட்சணம். தண்ணீரை விட்டு ஏறித் துண்டை எடுத்தார்களோ இல்லையோ, தலையோடு சேர்த்துப் பேச்சையும் துவட்டிவிடுவார்கள். பஸ்ஸில் முன்னொருவர் பின்னொருவர். வீட்டில் பழையபடி போன். தண்ணீரில் பேசுவது வைத்தியக் கணக்கு, அதற்கு மானம் ரோஷம் கிடையாது. தரையில் பேசினால் அது பேச்சு, தோல்வி. இப்படி ஒரு சட்டம் தானாக உருவாகிவிட்டது. சட்டத்தை மதிப்பதில்தான் ஏலக்காரருக்கு நிகர் ஏலக்காரர் ஆயிற்றே.

ஆனால் ஒன்று நடந்தது. பகலில் ஏதாவது கண்ணில் பட்டால், 'இதை நாளைக்குத் தண்ணியில சொல்லணும்' என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. தோன்றியதை மறக்காமல் இருக்கத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து கால்சட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். இந்த வயதில் இது என்ன அசட்டுத்தனம் என்று வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் சந்தோஷமாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டில் உப்பு தூக்கல். மூச்சுவிடாமல் சாப்பிட்டு எழுந்து, மறுநாள் தண்ணீரில், "நேத்து உப்பு கொஞ்சம் ஏறிப்போச்சு" என்றார்.

"நேத்தே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டாள் அவள்.

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பதிலுக்கு விசில்தான் வந்தது.

வட்டமாக எல்லோரும் ஒரே பக்கமாக நடந்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் கூடவே சுழல ஆரம்பித்துவிடும். சும்மா நின்றாலும் தள்ளிக்கொண்டு போகும். அப்போது விசிலம்மா, "திரும்புங்க!" என்பாள். எல்லோரும் திரும்பிச் சுழலை எதிர்த்து நடக்க வேண்டும். இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஆளைச் சாய்த்துவிடும். ஒருநாள் அப்படி எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதுதான் மனைவி அந்த மேசையை எடுத்தாள்.

"அன்னைக்கு நான் எதுக்குக் கையைத் தூக்கினேன்னு நினைச்சீங்க?"

ஏலக்காரர் இந்தக் கேள்விக்காகப் பல வருஷமாகப் பதிலைத் தீட்டி வைத்திருந்தவர். "மேசையைக் கேக்கத்தான். வீட்டு ஆளுங்க கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதுல பொண்டாட்டின்னு பாத்தா நாளைக்கு..."

"உங்க சட்டம் எனக்குத் தெரியாதா? மேசையை வாங்கி எங்கே வைக்கறது, உங்க தலையிலயா? இன்னும் ரெண்டு பேரு கேக்கறதுக்கு வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவசரப்படாதீங்கன்னு சொல்லத்தான் கையைத் தூக்கினேன். என் கையைக் கண்டதும் ரெண்டாந்தரத்தையும் மூணாந்தரத்தையும் ஒரே மூச்சுல முழுங்கிட்டு, எங்கம்மா மேசையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டீங்க!"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைப் பார்க்கவில்லை என்ற கோபம் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தார்? நியாயஸ்தன் என்று தனக்குத்தானே மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே! கடைசியில் இவள் அவருடைய தொழிலிலேயே கைவைத்துவிட்டாள். "யாரைப் பாத்து அடிமாட்டு விலைங்கறே? அன்னைக்குக் கூட்டமே சரியில்லை!" என்று கத்தினார். "கூட்டம் சரியாத்தான் இருந்துச்சு, ஏலம் போட்ட ஆளுதான் சரியில்லை!" என்று அவளும் கத்தினாள். இவ்வளவு கத்தலுக்கும் நடுவில் நான்கு கைகளும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன, விட்டால் சுழல் இழுத்துக்கொண்டு போய்விடும். மருமகன் சினிமாக் கதையை நிறுத்திவிட்டான். இது அதைவிட நன்றாக இருந்தது.

அந்தச் சண்டை ஒரு வாரம் ஓடியது. தினமும் விட்ட இடத்தில் தொடங்கும். கடைசியில் ஒரு காலை ஏலக்காரர் தாழ்ந்த குரலில், "அவசரப்பட்டுட்டேன்தான்" என்றார்.

"என்ன சொன்னீங்க? தண்ணிச் சத்தத்துல கேக்கலை."

"அவசரப்பட்டுட்டேன்னு சொன்னேன்."

"கொஞ்சம் உரக்க."

மூன்றாவது தரம் குளத்துக்கே கேட்கும்படி சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நல்ல காலம் என்பது இதுதான் என்று அவருக்குப் புரிந்த நேரத்தில் கால் குணமாகிவிட்டது. ஊன்றுகோல் எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோக ஆரம்பித்தது. "அடுத்த வாரம் உங்களைத் தரையில நடக்க விட்டுப் பாப்பேன்" என்றாள் விசிலம்மா. "நேரா நடந்துட்டீங்கன்னா அவ்வளவுதான், தண்ணி வேண்டாம். உங்க இடத்துக்கு ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

மற்றவர்கள் கைதட்டினார்கள். ஏலக்காரர் கணக்குப் போட்டார். தண்ணீர் போனால் வைத்தியம் போகும். வைத்தியம் போனால் பேச்சும் போகும். மறுபடி அந்தக் கூடம், அந்தத் திரைச்சீலை, மகளின் போன். எலும்பு கூடிவிட்ட சந்தோஷம் துளிக்கூட வரவில்லை. 'வீட்டுல பேசிக்கலாமா' என்று தண்ணீரில் கேட்டுவிடலாமே என்று நினைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் வாய் வரை வந்தது. அவள் என்ன நினைத்தாளோ, மின்கட்டணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சாமர்த்தியசாலிகள்.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நொண்டிவிடுவது. ஒரு நொண்டு நொண்டினால் இன்னும் கொஞ்ச நாள் நீட்டிப்பார்கள் அல்லவா? பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தார். கால் ஆடுகிற நாற்காலிக்கு வம்சம் கண்டுபிடித்த மனிதர், ஒரு வலியைக் கண்டுபிடிக்க மாட்டாரா?

அந்த நாளும் வந்தது. குளத்தை ஒட்டிய நீளமான நடைபாதையில் அவரை நிறுத்தினார்கள். மனைவி சுவரோரப் பெஞ்சில், உலர்ந்த புடவையில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். "வாங்க" என்றாள் விசிலம்மா மறுமுனையிலிருந்து. ஏலக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டார். "அம்மாடி" என்று ஒரு முனகல் போட்டார். இடது காலை இழுத்து இழுத்து நொண்ட ஆரம்பித்தார். பாதி தூரம் பிரமாதமாக வந்துவிட்டார்.

"ஐயோ, அந்தக் காலில்லைங்க! வலது காலு! ஆப்பரேஷன் பண்ணது வலது பக்கம்!"

கத்தியது மனைவி. பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள்.

ஏலக்காரர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வீட்டில் சரியான காலைத்தான் இழுத்து நொண்டினார். இங்கே வந்ததும் பதற்றத்தில் மாறிப்போயிற்று. வலியே இல்லாத மனிதருக்கு எந்தக் கால் என்று எப்படித் தெரியும்? சட்டென்று வலது காலை இழுத்துப் பார்த்தார். விசிலம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு ஐயா ரெண்டு காலும். போயிட்டு வாங்க" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

அது அவர் காதில் விழவில்லை. அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், வெறுந்தரையில், தூதுக்கு ஆள் இல்லாமல் அவள் அவரிடம் பேசியிருந்தாள். அதுவும் எதற்கு? அவருடைய திருட்டுத்தனத்துக்குக் கூட்டுச் சேர! அவளுக்கும் அப்போதுதான் அது உறைத்திருக்க வேண்டும். புடவை முனையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் அவளிடம் போனார். நேராகத்தான் நடந்தார்.

"நான் நொண்டப் போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அவள் வாயிலிருந்து புடவையை எடுத்தாள். "பாத்ரூம்ல தை தைன்னு குதிச்சா கேக்காதா? இத்தனை வருஷமா உங்க காலடிச் சத்தத்தை வச்சுத்தானே குடும்பம் நடத்திக்கிட்டு வரேன். எப்ப பசி, எப்ப கோபம், எப்ப ஏலம் படுத்துடுச்சு, எல்லாம் அதுல தெரியும். வாயைத்தான் மூடிக்கிட்டிருந்தேன். காதையுமா மூடிக்கிட்டேன்?"

ஏலக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினார். இன்றைக்கு நனையவில்லையே, துண்டு பைக்குள் கிடந்தது. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில என்ன பண்றது?" என்றார். "இங்கேதான் வர முடியாதே."

"எங்கேயும் போக வேண்டாம். வீட்டுலயே பேசுங்க" என்றாள் அவள். "நான் பதில் சொல்றேன்."